அபூ ஜைதின் முகத்திரை

கற்பனை மாந்தர் ஒருவரைத் தாமே புனைந்து, அவராகவே நின்று பேசியும் எழுதியும் பலர் கூடிக் கதை வளர்க்கும் விளையாட்டொன்று இன்றைய இளைஞரிடையே பரவியிருக்கின்றது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பெயரில் அச்சேறிய விளையாட்டு இதற்குப் பெரிதும் வழிகோலியது. இதில் சேர்வோர், தாம் ஏற்கும் பாத்திரத்தைப் பற்றிய குறிப்பொன்றை முதலில் எழுதிக் கூட்டாளிகளிடம் தருவர். பெயர், ஊர், தோற்றம், குணம், முன்வரலாறு ஆகியவை அதில் இடம்பெறும். நம் வீட்டுப் பிள்ளைகளும் இத்தகைய குறிப்புகளை எழுதுகின்றனர். அவர்கள் மிக விரும்பிப் புனைவது மர்ம மனிதரையே.

நம் பார்வைக்கு வந்த குறிப்புகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை போன்றிருந்தன. பெயரை யாரும் அறியார், ஊரை எவரும் அறியார், கறுப்பு அங்கி அணிந்தவர், அதிகம் பேசாதவர், கடந்த காலம் இருள் சூழ்ந்தது. இவ்வளவே குறிப்பு. இதனை வாசித்த பின் அம்மனிதரைப் பற்றி மேலும் அறிய வேண்டுமென்ற அவா நம்முள் எழவில்லை. காரணம் வெளிப்படையானது. எழுதியவர் எதையும் மறைத்து வைக்கவில்லை; மறைப்பதற்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. பூட்டிய பெட்டிக்கும் வெறும் பெட்டிக்கும் உள்ள வேறுபாட்டை வாசகர் தூக்கிப் பார்த்தவுடனே அறிந்து கொள்வார்.

மர்ம மனிதரைப் படைக்கும் கலை நமக்குப் புதியதன்று. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரபு இலக்கியம் அதனை உச்சத்திற்குக் கொண்டு சென்றிருக்கின்றது. பஸரா நகரத்து அறிஞர் அபூ முஹம்மது அல் காஸிம் அல் ஹரீரீ (ஹிஜ்ரி 446-516, கி.பி. 1054-1122) இயற்றிய 'மகாமாத்' என்னும் நூலையே குறிப்பிடுகின்றோம். அரபு மதரஸாக்களில் ஓதியவர்களுக்கு இந்தக் கிதாபு நன்கு அறிமுகமானது. ஆனால், அருஞ்சொற்களை மனனம் செய்வதற்காகவே அதனை ஓதி முடித்துவிடுகின்றோம். அதன் நாயகரை ஒரு பாத்திரப் படைப்பாகக் கண்டு ஆராய்ந்தவர் நம்மிடையே குறைவு.

ஐம்பது மகாமாக்கள் கொண்ட அந்நூலில் இருவர் நிலைத்து வருகின்றனர். ஒருவர், கதையை உரைக்கும் ஹாரிஸ் இப்னு ஹம்மாம். மற்றவர், ஊர் ஊராக வேடம் மாற்றித் திரியும் அபூ ஜைத் அஸ்ஸரூஜீ. முதல் மகாமாவில் யமன் நாட்டு ஸன்ஆ நகரில் மக்கள் கூட்டத்தினிடையே மெலிந்த ஒருவர் நின்று பயான் செய்கின்றார். மரணத்தை நினைவூட்டி அழ வைக்கின்றார். மக்கள் மனமுருகிப் பொருள் தருகின்றனர். பெற்றுக்கொண்டு, தம்மை எவரும் பின்தொடராதபடி நழுவுகின்றார். ஹாரிஸ் மட்டும் மறைந்து மறைந்து பின்செல்கின்றார். ஒரு குகையினுள், தம் சீடனுடன் அமர்ந்து வெண்ரொட்டியும் பொரித்த ஆட்டுக்குட்டியும் உண்ணும் அம்மனிதரைக் காண்கின்றார். அருகே மதுச்சாடியும் இருக்கின்றது. இவர் யாரென்று சீடனை வினவிய பிறகே பெயர் தெரிய வருகின்றது.

இங்கே கவனிக்க வேண்டியது, ஹரீரீ பெயரை ஒளித்து வைக்கவில்லை என்பதாகும். பெயர், ஊர், தொழில் மூன்றையும் முதல் மகாமாவிலேயே வாசகரிடம் ஒப்படைத்து விடுகின்றார். அதன்பின் நாற்பத்தொன்பது மகாமாக்கள் மிஞ்சியிருக்கின்றன. ஐந்தாறு மகாமாக்களை ஓதியவர், புதிதாகத் தோன்றும் முதியவர் அபூ ஜைதாகவே இருப்பார் என்று எளிதில் ஊகித்து விடுவார். அப்படியிருந்தும் சுவை குன்றுவதில்லை. இவர் யார் என்ற கேள்வி தீர்ந்த இடத்தில், இவ்வளவு கல்வியுடைய ஒருவர் ஏன் இப்படித் திரிகின்றார் என்ற பெரிய கேள்வி தொடங்குகின்றது. பெயர் தெரிந்த பின்னும் தீராமல் நிற்பதே உண்மையான மர்மம் என்பது நம் கருத்து.

ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளர்களை ஆராயுங்கால், அறியப்படாதவரை ஒரே வகையில் அடக்கிவிடவில்லை. ஹாபிழ் இப்னு ஹஜர் அல் அஸ்கலானீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 852) தம் 'நுக்பா'வில் இதனை வகுத்துரைக்கின்றார்கள். பெயரே சொல்லப்படாமல் 'ஒரு மனிதர்' என்று மட்டும் வருபவர் 'முப்ஹம்'. பெயர் வந்தும் ஒரே ஒருவர் மட்டுமே அவரிடமிருந்து அறிவித்திருந்தால் அவர் 'மஜ்ஹூலுல் ஐன்'. அதாவது ஆளே அறியப்படாதவர். இருவரோ அதற்கு மேற்பட்டோரோ அறிவித்தும் அவருடைய நம்பகத்தன்மை உறுதி செய்யப்படாதிருப்பின் அவர் 'மஜ்ஹூலுல் ஹால்', நிலை அறியப்படாதவர். இவரை 'மஸ்தூர்', திரையிடப்பட்டவர், என்றும் வழங்குவர்.

மார்க்கத்தைக் காப்பதற்காக எழுந்த புனிதமான கலை இது. கதைப் புனைவோடு இதனை ஒன்றாக வைப்பது நம் நோக்கமன்று. எனினும், இன்னது தெரியும், இன்னது தெரியாது என்று பிரித்தறியும் அந்த நுட்பம் எழுதுவோர் எவருக்கும் பயன்படும். நம் பிள்ளைகள் புனையும் மர்ம மனிதர் முப்ஹமாகவே நின்றுவிடுகின்றார். அபூ ஜைதோ மஸ்தூர். அவரைப் பலர் கண்டிருக்கின்றனர். அவர் பேச்சைப் பலர் கேட்டிருக்கின்றனர். உள்நிலையை மட்டும் எவராலும் உறுதி செய்ய இயலவில்லை. பாத்திரக் குறிப்பு எழுத அமர்பவர், தம் மனிதரிடம் மறைந்திருப்பது பெயரா, ஆளா, நிலையா என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்வாராக. நிலை மறைந்திருப்பதே கதைக்கு நீண்ட ஆயுளைத் தரும்.

இரண்டாவதாக, எந்த வேடத்திலும் மறைக்க முடியாத ஓர் அடையாளம் வேண்டும். அபூ ஜைதுக்கு அது அவருடைய நாவன்மை. மூன்றாம் மகாமாவில் கந்தலுடுத்து நொண்டி நொண்டி வருகின்றார். ஒரு தீனாரைப் புகழ்ந்து பாடி அதனைப் பெறுகின்றார். அதே தீனாரை இகழ்ந்து பாடி இன்னொன்றும் பெறுகின்றார். சொல்லின் பின்னலைக் கொண்டே ஹாரிஸ் ஆளை இனங்கண்டு, நொண்டுவதை விட்டு நேராக நடக்கும்படி கூறுகின்றார். ஏழாம் மகாமாவில் பெருநாளன்று பர்கயீத் என்னும் ஊரில் குருடராக நடித்து, ஒரு கிழவியின் கையில் கவிதைச் சீட்டுகளைக் கொடுத்து யாசிக்கின்றார். அங்கும் அவரைக் காட்டிக் கொடுப்பது கவிதையே. காலும் கண்ணும் பொய் சொல்கின்றன. நாவு பொய்யான செய்தியைச் சொல்லும்போதுகூட ஆளை மறைக்க முடிவதில்லை. ஹிஜ்ரி 634இல் (கி.பி. 1237) யஹ்யா அல் வாஸிதீ இந்நூலைப் படியெடுத்துத் தீட்டிய ஓவியங்கள் இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. சொல்லால் அறியப்படும் ஒருவரைக் கோட்டாலும் வண்ணத்தாலும் பல வேடங்களில் காட்டும் அருஞ்செயலை அந்த ஓவியர் மேற்கொண்டார்.

மூன்றாவது, தேடுபவர் ஒருவர் வேண்டும். தனிமையில் அமர்ந்திருப்பவருக்கு மர்மம் இல்லை. மற்றொருவர் அறிய விழையும்போதே அது பிறக்கின்றது. ஹாரிஸ் ஏமாறுகின்றார், கண்டிக்கின்றார், ரசிக்கின்றார், மறுபடியும் தேடிச் செல்கின்றார். இந்தப் பெயரை ஹரீரீ தேர்ந்ததிலும் பொருளுண்டு. ஹாரிஸ் என்பது உழைத்துத் தேடுபவரையும், ஹம்மாம் என்பது மனத்தில் நாட்டமும் கவலையும் உடையவரையும் குறிக்கும். பெயர்களில் மிக உண்மையானவை இவ்விரண்டுமே என்னும் கருத்து ஹதீஸில் வந்திருக்கின்றது. உழைப்பும் கவலையும் இல்லாத மனிதர் இல்லை. ஆகவே கதை சொல்பவர் நம்மில் ஒவ்வொருவருமாவார். பாத்திரத்தைப் புனைவோர், கூட்டாளிகள் பற்றித் தொடர்வதற்கு ஒரு நூலையாவது குறிப்பில் விட்டுவைக்க வேண்டும். எவரோடும் பேசாத, எவரையும் அண்டவிடாத மனிதரை வைத்துப் பலர் கூடிக் கதை வளர்த்தல் எங்ஙனம் இயலும்?

அபூ ஜைத் வெறுங்கற்பனையிலிருந்து முளைத்தவரும் அல்லர். பஸராவில் பனூ ஹராம் பள்ளிவாசலில் ஹரீரீ அமர்ந்திருந்தபோது, கந்தலாடை அணிந்த முதியவர் ஒருவர் வந்து வியக்கத்தக்க நாவன்மையுடன் பேசினார் என்றும், தம் ஊர் ஸரூஜ், தம் பெயர் அபூ ஜைத் என்றார் என்றும், அதன்பின்னரே இன்று நாற்பத்தெட்டாவதாக உள்ள 'ஹராமிய்யா' மகாமா முதன்முதலில் எழுதப்பட்டது என்றும் இப்னு கல்லிகான் (மறைவு ஹிஜ்ரி 681) பதிவு செய்திருக்கின்றார்கள். ஸரூஜ் 1101இல் சிலுவைப் போர்ப் படையினர் வசமான ஊர். இன்று துருக்கி நாட்டில் ஸுரூச் என்று வழங்குகின்றது. ஊரிழந்த ஒருவரின் துயரம் அபூ ஜைதின் பொய்களுக்கெல்லாம் அடியில் உண்மையாக ஓடுகின்றது. கறுப்பு அங்கி தராத கனத்தை அந்த ஓர் ஊர்ப்பெயர் தந்துவிடுகின்றது.

ஹரீரீயிடம் குறையே இல்லையென்று கூறமாட்டோம். பதினாறாம் மகாமாவில் முன்பின்னாக வாசித்தாலும் மாறாத சொற்றொடர்கள். இருபத்தெட்டாம் மகாமாவில் புள்ளியுள்ள எழுத்தே இல்லாத குத்பா. இத்தகைய இடங்களில் நாம் வியப்பது ஹரீரீயின் புலமையைத்தான். அபூ ஜைத் என்னும் மனிதர் அங்கே மறைந்தே போகின்றார். இவ்வகை நூலுக்கு முதன்முதல் உருக்கொடுத்த பதீஉஸ்ஸமான் ஹமதானீ (மறைவு ஹிஜ்ரி 398) படைத்த அபுல் ஃபத்ஹ், சொல்லலங்காரத்தில் இவருக்குப் பின்தங்கினாலும் சில இடங்களில் இவரைவிட உயிரோடு நடமாடுகின்றார். அணி மிகுந்தால் ஆள் குறைவார் என்பதை இளம் எழுத்தாளர் நினைவிற்கொள்வது நலம்.

இனி, பெற்றோர் மனத்தில் எழும் ஐயத்திற்கு வருவோம். இல்லாத ஒருவராக நின்று பேசுவது பொய்யாகாதா? ஹரீரீயும் இக்கேள்வியைத் தம் முன்னுரையில் எதிர்கொள்கின்றார்கள். விலங்குகளும் உயிரற்றவையும் பேசுவதாக அமைந்த படிப்பினைக் கதைகளை எவரும் பொய்யென்று ஒதுக்கவில்லை என்றும், செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்றும் விடையிறுக்கின்றார்கள். கேட்பவர், சொல்பவர் இருவரும் இது புனைவென்று அறிந்திருக்கும்வரை அங்கே வஞ்சகம் இல்லை. அதே திரைக்குப் பின்னால் நின்று, அறியாத ஒருவரிடம் பொருளையோ அன்பையோ அந்தரங்கத்தையோ பறிக்க முயன்றால் அது விளையாட்டன்று. அபூ ஜைதின் யாசகமே ஆகும். தீனாருக்காக நொண்டியவரைக் கண்டு நாம் நகைக்கலாம். அவரால் ஏமாந்த ஸன்ஆ மக்களின் கண்ணீர் மெய்யானது என்பதை மறத்தலாகாது.

இன்னுமொரு வரம்பும் உண்டு. மறைபொருள் நிறைந்த மனிதர் என்றவுடன் சிலருக்குக் கித்ரு (அலை) அவர்களின் நினைவு வரக்கூடும். 'கஹ்ஃபு' அத்தியாயத்தில் வருவது அல்லாஹ்வின் வாக்கு, புனைவன்று. நபிமார்களையும் நபித்தோழர்களையும் விளையாட்டுப் பாத்திரமாக ஏற்பதை நம் பிள்ளைகள் அறவே தவிர்க்க வேண்டும். கற்பனைக்கு இவ்வுலகில் இடம் பரந்து கிடக்கின்றது.

விளையாட்டையே தடுத்துவிடலாமே என்போரும் நம்மிடையே உளர். தடுப்பதைவிட, நன்றாக எழுதக் கற்றுக் கொடுப்பதே மேலென்பது நம் துணிபு. மர்ம மனிதரைப் பற்றிப் பிள்ளை எழுதிய தாளை வாங்கி வாசித்து, அவர் எந்த ஊரை இழந்தார், எதனை மறைக்க முடியாமல் தவிக்கின்றார், அவரைத் தேடுபவர் யார் என்று பெற்றோர் வினவட்டும். விடைகளைக் கூட்டாளிகளுக்குத் தரும் குறிப்பில் எழுத வேண்டியதில்லை. எழுதியவர் அறிந்திருந்தால் போதும்.

அவ்வினாக்களுடன் மற்றொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: இவர் திருந்துவாரா? ஐம்பதாம் மகாமாவில் அபூ ஜைத் பஸராப் பள்ளிவாசலில் நின்று, தம் தவ்பாவிற்காகத் துஆச் செய்யுமாறு மக்களை வேண்டுகின்றார். வழக்கமான தந்திரமாகவே தொடங்குகின்றார். மக்களோ மனமாரத் துஆச் செய்கின்றனர்; தந்திரம் மெய்யாகிவிடுகின்றது. பின்னர் ஹாரிஸ் ஸரூஜுக்குச் சென்று காணும்போது, அவர் தம் பள்ளிவாசலில் வணக்கத்தில் மூழ்கியவராக இருக்கின்றார். எத்தனையோ வேடங்கள் புனைந்தவரை இறுதியில் இப்படி மாற்ற ஹரீரீயால் முடிந்ததற்குக் காரணம், திரைக்குப் பின்னால் ஒரு மனிதரை அவர்கள் முதலிலிருந்தே வைத்திருந்ததுதான்.