ஒரு வரிக் கட்டளையும் இரண்டு நிபந்தனைகளும்

சான்று விதை நெல்லுக்கு இந்தியாவில் வகுத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 சதவீதம். பரிசோதனைக்கு எடுப்பது 400 விதைகள். நூறு நூறாக நான்கு பிரிவாக வைத்து முளைக்கவிட்டு எண்ணுகிறார்கள். முழு எண்ணாக்கும் விதிகளை ஒதுக்கிவிட்டு, 320 முளைத்தால் தேர்ச்சி, 319 என்றால் தோல்வி என்றே வைத்துக்கொள்வோம். உண்மையிலேயே சரியாக 80 சதவீத முளைப்புத்திறன் உள்ள ஒரு விதைக்குவியல் இந்தத் தேர்வில் தோற்க எவ்வளவு வாய்ப்பு? கிட்டத்தட்ட 47 சதவீதம். நாணயம் சுண்டுவதற்குச் சற்றே கீழ்.

இந்த விடையைத் தருவது ஈருறுப்புப் பரவல். யாக்கோப் பெர்னூலியின் நூல் அவர் மறைவுக்குப் பிறகு 1713-இல் வெளிவந்த நாளிலிருந்து புழக்கத்தில் இருப்பது. முயற்சி ஒவ்வொன்றுக்கும் வெற்றி, தோல்வி என இரண்டே முடிவு. வெற்றிக்கான நிகழ்தகவு எல்லா முயற்சிகளிலும் ஒன்றே. ஒரு முயற்சி மற்றொன்றைப் பாதிக்காது. இவ்வளவும் இருந்தால், மொத்த வெற்றிகளின் எண்ணிக்கை எப்படிப் பரவும் என்பதைச் சூத்திரம் சொல்லிவிடும்.

நாகமலை புதுக்கோட்டையில் புள்ளியியல் படிக்கும் மாணவர் இதை இரண்டு முறை சந்திக்கிறார். கால் மணி நேரத்தில் பேருந்தில் போய்விடக்கூடிய மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1966-இல் தொடங்கியது. அதன் தொடக்கத் தலைமுறை சூத்திரத்தைக் கையால் போட்டது, அட்டவணையைப் புரட்டியது, எண் பெரிதானால் இயல்நிலைப் பரவலால் தோராயம் செய்தது. இன்றைய மாணவர் தேர்வுத் தாளில் அதையே செய்கிறார். ஆய்வகத்தில் ஆர் மொழியைத் திறந்து ஒரு வரி அடிக்கிறார். அந்த ஒரு வரி கொடுப்பது என்ன, மறைப்பது என்ன என்பதுதான் இங்கே கேள்வி.

கொடுப்பதை முதலில் சொல்வோம். ஆர் மொழியில் இதற்கு நான்கு கட்டளைகள்: குறிப்பிட்ட எண்ணிக்கைக்கான நிகழ்தகவுக்கு டிபைனாம், அந்த எண்ணிக்கை வரையிலான கூட்டுக்கு பிபைனாம், நிகழ்தகவிலிருந்து எண்ணிக்கைக்குத் திரும்ப கியூபைனாம், மாதிரி எண்களை உருவாக்க ஆர்பைனாம். பைதானின் சைபை நூலகத்திலும் இதே வசதி உண்டு. வெளியே எளிமையாகத் தெரியும் இவற்றின் உள்ளே நல்ல வேலைப்பாடு இருக்கிறது. பாடநூல் சூத்திரத்தை அப்படியே நிரலாக்கி 400-இன் காரணீயப் பெருக்கத்தைக் கேட்டால் ஆர் முடிவிலி என்று கையை விரித்துவிடும். சாதாரண இரட்டைத் துல்லிய எண்ணில் 170 வரைதான் அடங்கும். முடிவிலியை முடிவிலியால் வகுத்தால் விடையே இல்லை. டிபைனாம் அந்தப் பள்ளத்தில் விழுவதில்லை. கேத்தரின் லோடர் 2000-இல் கொடுத்த வழிமுறை உள்ளே இருந்து, பெரிய எண்களுக்கும் துல்லியத்தைக் காக்கிறது.

துல்லியத்தைவிடப் பெரிய லாபம், கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்கும் வசதி. மேலே சொன்ன விதைக்குவியலையே எடுத்துக்கொள்வோம். உண்மைத் திறன் 82 சதவீதமாக இருந்தால் தோற்க வாய்ப்பு ஏறத்தாழ 13 சதவீதம். 78 சதவீதமே உள்ள குவியல் தேறிவிட வாய்ப்பு 18 சதவீதம். 400-க்குப் பதில் 800 விதை வைத்தால் இந்த இரு தவறுகளும் எவ்வளவு குறையும்? ஓர் எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினால் போதும். அட்டவணைக் காலத்தில் ஒரு பொழுது பிடித்த வேலை இது. நல்ல விதையைத் தள்ளிவிடும் நட்டம் ஒருபுறம், சோழவந்தான் பக்கத்து நாற்றங்காலில் பயிர் சொட்டை விழும் நட்டம் மறுபுறம். இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க மாணவருக்கே முடிகிறது. புள்ளியியல் என்பது விடை காணும் கணக்கு மட்டுமன்று, முடிவெடுக்கும் கலை என்பது இந்த இடத்தில்தான் பிடிபடுகிறது.

இனி குறைகள். சிறியவற்றிலிருந்து தொடங்கலாம். பிபைனாம் தருவது ‘அந்த எண் உட்பட’ என்ற கூட்டு. 320-க்குக் குறைவாக முளைக்கும் வாய்ப்பு வேண்டுமானால் 319 என்று கொடுக்க வேண்டும். பலர் 320 என்றே கொடுக்கிறார்கள். 47 சதவீதம் 52 ஆகிவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. இன்னொன்று, வால் பகுதியின் நிகழ்தகவுக்காக ஒன்றிலிருந்து பிபைனாமைக் கழிப்பது. வால் மிகச் சிறியதானால் கழித்தலில் இலக்கங்கள் கரைந்து பூஜ்யமே மிஞ்சும். மேல் வாலை நேரடியாகக் கேட்கும் விருப்பம் அந்தக் கட்டளைக்குள்ளேயே இருக்கிறது. இவை பழக்கத்தால் தீரக்கூடியவை.

அடுத்த குறை சற்று ஆழமானது. மாதிரியில் கிடைத்த விகிதத்தைச் சுற்றி 95 சதவீத நம்பிக்கை இடைவெளி போடச் சொன்னால், வகுப்பில் கற்ற கை முதலில் தேடுவது இயல்நிலைத் தோராயத்தை. விவசாயி ஒருவர் பத்து விதையை ஈரத்துணியில் கட்டி வைக்கிறார், பத்தும் முளைக்கின்றன. அந்தச் சூத்திரத்தில் போட்டால் இடைவெளி 100 முதல் 100 வரை. பத்தே விதையில் முழு உறுதி! கிளாப்பரும் பியர்சனும் 1934-இல் தந்த துல்லிய முறையில் போட்டால் கீழ் எல்லை 69 சதவீதம். வில்சனின் 1927-ஆம் ஆண்டு முறையில் 72. பிரவுன், காய், தாஸ்குப்தா மூவரும் 2001-இல் வெளியிட்ட கட்டுரை, அந்தப் பாடநூல் இடைவெளி சிறு மாதிரிகளில் மட்டுமல்லாமல் பெரிய மாதிரிகளிலும் சொன்ன உறுதியைக் காப்பாற்றுவதில்லை என்று விரிவாகக் காட்டியது. கணினி கையில் இருக்கும்போது கையால் போட எளிது என்பதற்காகவே பிறந்த சூத்திரத்தை நிரலாக்கிக்கொண்டிருப்பதற்கு நியாயமே இல்லை. ‘துல்லிய’ முறையும் குறையற்றதல்ல. அது தேவைக்கு மேல் அகலமாக விரியும். ஆரின் பைனாம் டெஸ்ட் கட்டளை இருபக்க நிகழ்தகவை ஒரு முறையிலும் இடைவெளியை வேறொரு முறையிலும் கணக்கிடுகிறது. அதனால் எல்லையோரங்களில் இரண்டும் முரண்பட்ட முடிவைச் சொல்வதுண்டு. அச்சிட்டு வருவதெல்லாம் ஒரே தராசில் நிறுத்தது என்று நம்பக்கூடாது.

மூன்றாவது குறைதான் முதன்மையானது. இந்தக் கட்டளைகள் இரண்டு எண்களைக் கேட்கின்றன: எத்தனை முயற்சி, வெற்றியின் நிகழ்தகவு என்ன. முயற்சிகள் ஒன்றையொன்று சாராதவையா, நிகழ்தகவு எல்லாவற்றுக்கும் ஒன்றா என்று கேட்பதே இல்லை. பரவலின் உயிர் இருப்பதோ இந்த இரண்டு நிபந்தனைகளில்.

கற்பனையாக ஒரு முடிவைப் பார்ப்போம். நான்கு பிரிவுகளில் முளைத்தவை 92, 70, 88, 74. மொத்தம் 324; சராசரி 81. மொத்தத்தை மட்டும் பார்க்கும் நிரல் ‘தேர்ச்சி’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் ஈருறுப்புப் பரவல் உண்மையானால் நூறு விதைப் பிரிவின் திட்டவிலக்கம் ஏறத்தாழ 4. நான்கே பிரிவுகளில் 70-க்கும் 92-க்கும் இடையே 22 இடைவெளி விழுவது மிக அரிது. கை-வர்க்கச் சோதனை போட்டால் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பே வரும். எங்கோ ஈரம் கூடியிருக்கிறது, பூஞ்சை பரவியிருக்கிறது, அல்லது விதை சரியாகக் கலக்கப்படவில்லை. மறுபடி சோதிக்க வேண்டும் என்பதே சரியான முடிவு. நூறு நூறாகப் பிரித்து வைக்கும் வழக்கத்தின் பயன் இங்கேதான். சர்வதேச விதைப் பரிசோதனை விதிகளில் பிரிவுகளுக்கிடையே எவ்வளவு வேறுபாட்டை அனுமதிக்கலாம் என்ற அட்டவணையே இருக்கிறது. பரிசோதனைக் கூடம் கடைப்பிடிக்கும் இந்த எச்சரிக்கையை நிரல் எழுதுபவர் கூட்டல் குறி ஒன்றால் அழித்துவிடுகிறார்.

இதே கேள்வியை மதுரையின் இன்னொரு முனையில் வைத்துப் பார்க்கலாம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் வரும் கடும் தொற்றைப் பற்றிய ஆய்வொன்றை 2017-இல் வெளியிட்டது. அறுவை முடிவில் மாக்சிஃப்ளாக்சசின் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தாத 3,02,815 அறுவைகளில் 214 தொற்றுகள். செலுத்திய 3,14,638 அறுவைகளில் 64. பழைய விகிதமே நீடித்திருந்தால் இரண்டாம் தொகுதியில் ஏறத்தாழ 222 தொற்றுகளை எதிர்பார்க்கலாம். 64-ஓ அதற்குக் குறைவோ தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று பிபைனாமைக் கேட்டால், புள்ளிக்குப் பின் முப்பதுக்கும் மேற்பட்ட பூஜ்யங்களைத் தாண்டித்தான் ஓர் இலக்கம் தென்படும். தற்செயல் என்ற வாதம் அத்தோடு முடிந்தது.

ஆனால் முடிந்தது அந்த ஒரு வாதம் மட்டுமே. இது குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்த சோதனையன்று. பதிவேடுகளைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு. இரு தொகுதிகளுக்கும் இடையே மருந்தைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை என்பதை எந்தப் பரவலும் சான்றளிக்காது. அதற்கு மருத்துவ அறிவும் ஆய்வமைப்பும் வேண்டும். தொற்று கொத்தாக வரக்கூடியது என்பதும் உண்டு. கெட்டுப்போன ஒரே தொகுதிக் கரைசல் ஒரே நாளில் பலரைப் பாதிக்கலாம். அப்போது அறுவைகள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. பூஜ்யங்களின் நீளம் இந்த ஐயங்களுக்குப் பதிலாகாது.

இதே எண்களை வைத்து நேர்மாறான பாடமும் நடத்தலாம். பழைய விகிதம் பத்தாயிரத்துக்கு ஏழு. ஒரு மருத்துவர் 500 அறுவை செய்து ஒரு தொற்றும் வரவில்லை என்றால் அவர் கை தனித்துவமானதா? அந்தப் பழைய விகிதத்திலேயே 500-இல் ஒன்றும் வராதிருக்க வாய்ப்பு 70 சதவீதம். ஒன்றுமே நேராதபோது மூன்றை மாதிரி அளவால் வகுத்தால் உண்மை விகிதத்தின் மேல் எல்லை கிடைக்கும். இங்கே அது 0.6 சதவீதம், பழைய விகிதத்தைப்போல எட்டு மடங்குக்கும் மேல். பூஜ்யத்தைக் கண்டு மயங்காதே என்று ஒரு வரியில் புரியவைக்கும் இடத்தில் ஈருறுப்புப் பரவலுக்கு நிகரில்லை.

கல்லூரி ஆய்வகங்களில் இந்த இரண்டு பக்கமும் சமமாக வருவதில்லை. வழக்கமான பயிற்சி, ஆர்பைனாமால் ஆயிரம் எண்களை உருவாக்கி, அவை ஈருறுப்புப் பரவலில் அமைகின்றனவா என்று படம் வரைந்து ‘சரிபார்ப்பது’. சாராத முயற்சிகளாக நிரலே தயாரித்த எண்கள் அப்படித்தானே அமையும்? கட்டளையின் இலக்கணத்தைப் பழக இது உதவும். கணித மாதிரியைச் சந்தேகிக்க உதவாது. அதற்குப் பதிலாக நூறு நூறாக எண்ணிய உண்மைத் தரவைக் கொடுத்து, பிரிவுகளின் பரவற்படி எதிர்பார்த்ததைவிட எத்தனை மடங்கு என்று முதலில் கணக்கிடச் சொல்லலாம். மடங்கு ஒன்றை ஒட்டி இருந்தால் ஈருறுப்பு போதும். மிகுந்தால், அந்தக் கூடுதல் பரவலுக்கு இடம் தரும் குவாசி-பைனாமியல் ஆரிலேயே இருக்கிறது, பீட்டா-பைனாமியல் அதன் கூடுதல் தொகுப்புகளில் இருக்கிறது. கூடுதலாக எழுத வேண்டியது நான்கைந்து வரிதான்.

எடை போட்டுச் சொன்னால், கணக்கிடும் கருவியாக இந்தக் கட்டளைகள் கிட்டத்தட்டப் பழுதற்றவை. பழுது, அவற்றைக் கணக்கின் முடிவாகக் கொள்ளும் பழக்கத்தில் இருக்கிறது. ஈருறுப்புப் பரவலைத் தரவு மீறும் இடமே பெரும்பாலும் கவனிக்க வேண்டிய இடம்: கலக்காத விதை, கெட்ட கரைசல், ஒரே மாதிரி இல்லாத நோயாளிகள். ஆகவே ஆய்வக ஏட்டில் விடைக்கு மேலே இரண்டு வரி கட்டாயமாக்கலாம்: முயற்சிகள் ஏன் சாராதவை, நிகழ்தகவு ஏன் மாறாதது. அந்த இரண்டுக்கும் மாணவரால் காரணம் எழுத முடியாவிட்டால், கீழே அச்சாகும் எண் எத்தனை இலக்கத்துக்குத் துல்லியமாக இருந்தாலும் அதற்கு மதிப்பெண் தரத் தேவையில்லை.