கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குழு

குடும்ப ஆலோசனை பழகுபவருக்குப் பக்கத்து அறையில் ஒரு குழு உட்கார்ந்திருப்பது பழைய வழக்கம். நடுவே ஒருவழிக் கண்ணாடி. பழகுநர் தடுமாறினால் தொலைபேசி மணி அடிக்கும். மேற்பார்வையாளர் அடுத்த கேள்வியை எடுத்துக்கொடுப்பார். 1985 மார்ச்சில் நார்வேயின் டிரோம்சோ நகரில் மனநல மருத்துவர் டாம் ஆண்டர்சனின் குழு இதைத் தலைகீழாக்கியது. வெளிச்சமும் ஒலியும் இடம் மாற, குழு பேசுவதைக் குடும்பம் கேட்டது. இந்த ஏற்பாட்டின் அழகே அது நாக்குக்குப் போடும் கடிவாளம்தான். குடும்பம் கேட்டுக்கொண்டிருக்கையில் ‘அந்தம்மா பிடிவாதக்காரி’ என்று சொல்ல வாய் வராது. ‘விட்டுக்கொடுத்தால் எதை இழப்போம் என்று அவர் பயப்படுகிறார்?’ என்றுதான் கேட்கத் தோன்றும். குழு இருப்பதில் இன்னொரு பயனும் உண்டு. தம்பதி ஆலோசனையில் ஒரு பக்கம் சாய்வதுதான் பெரிய ஆபத்து. சாய்பவருக்கு அது தெரிவதில்லை. கணவரின் பேச்சில் பழகுநர் கரைந்துபோயிருக்கும்போது, மனைவி நான்கு முறை வாயெடுத்து அடங்கியதைக் குழுவில் யாராவது பார்த்திருப்பார்.

இத்தனை பேர் முன்னால் வீட்டு விஷயத்தை விரிப்பதா என்ற ஆட்சேபம் நியாயமானது. முன்கூட்டியே சம்மதம் கேட்க வேண்டும். மறுப்பவரை வற்புறுத்தக் கூடாது. பழகுநர் கூசிப்போவார், தனியாக மேற்பார்வையாளரிடம் பேசினால் போதும் என்ற வாதம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. நடந்ததை நினைவிலிருந்து அவர் ஒப்பிக்கும்போது, அங்கே கவனிக்காமல் விட்டது இங்கேயும் விடுபட்டுத்தான் போகும்.