சஞ்சிகையைத் தொகுதியாக வாசித்தல்

மடவளையில் வாழும் ஓர் ஆய்வு மாணவருக்குப் பேராதனைப் பல்கலைக்கழக நூலகம் எட்டாத இடமன்று. நாட்டில் அச்சாகும் வெளியீடுகளின் பிரதியைச் சட்டப்படி பெறும் நூலகங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அத்தகைய நூலகத்தின் சஞ்சிகைத் தொகுதியை நம் ஆய்வுகள் பயன்படுத்தும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான்: முந்தைய ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் கண்ட கட்டுரையைத் தேடுவது, அதன் நான்கு பக்கத்தைக் கைபேசியில் படமெடுப்பது, இதழை மூடிவிடுவது. முன்னவர் கண்டதையே பின்னவரும் காண்கிறார். அவர் தவறவிட்டது தொடர்ந்து தவறிக்கொண்டே போகிறது.

சஞ்சிகையின் பெறுமதி தனிக் கட்டுரையில் அல்ல, இதழ்களின் வரிசையில் இருக்கிறது. கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். எகிப்தின் ஒராபி பாஷா நாடுகடத்தப்பட்டு இலங்கையில் இறங்கியது 1883 ஜனவரியில். இலங்கை முஸ்லிம்களின் கல்வி எழுச்சியை பாஷாவின் வருகையிலிருந்தே தொடங்கிச் சொல்வது எளிது. தேதி வரிசையில் வாசிப்பவருக்கோ அதற்கு முன்பே இங்கு என்ன பேசப்பட்டது, அவர் வந்தபின் எது புதிதாகச் சேர்ந்தது என்ற கேள்வி எழாமல் போகாது. பின்னாளில் நூலாகத் தொகுக்கப்படும் கட்டுரைகளில் இந்த முன்பின் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. கூடவே அவற்றைச் சூழ்ந்திருந்த விளம்பரங்களும் வாசகர் கடிதங்களும் அடுத்த வார மறுப்புகளும் போய்விடுகின்றன.

இத்தனை சொன்னாலும் தொகுதியை அப்படியே நம்பிவிட முடியாது. நீண்டகாலம் வந்த சஞ்சிகையே வரலாறாக எழுதப்படும் ஆபத்து அதில் உண்டு. டொமினிக் ஜீவாவின் ‘மல்லிகை’ 1966இல் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வந்தது. கண்டியில் 2000இல் பிறந்த ‘ஞானம்’ நிலைத்து நின்றது. 1980களின் தொடக்கத்தில் வந்த மலையகச் சஞ்சிகையான ‘தீர்த்தக்கரை’ சில இதழ்களோடு நின்றுபோனது. பக்கங்களின் எண்ணிக்கையை வைத்து முக்கியத்துவத்தை அளந்தால் மலையகத்தின் குரல் எப்போதும் மெலிந்தே கேட்கும். மடவளை, அக்குறணை, கல்ஹின்னை போன்ற ஊர்களின் பாடசாலை மலர்களுக்கும் சங்க வெளியீடுகளுக்கும் நிலை இன்னும் மோசம். சட்டம் இருந்தாலும், ஓர் ஊர்ச் சங்கம் இரண்டு இதழோடு நிறுத்திக்கொண்ட வெளியீடு நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தட்டில் இல்லாததை எழுதப்படாதது என்று முடிவுகட்டுவதே இந்தத் துறையில் நான் காணும் மிகப் பெரிய பிழை. அயலூரான உடத்தலவின்னையைச் சேர்ந்த புன்னியாமீன் தொகுத்த எழுத்தாளர் விபரத்திரட்டுகள் இதற்கு நல்ல மாற்று மருந்து: ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு, அவர் எங்கெல்லாம் எழுதினார் என்று நூலகத்துக்கு வெளியிலும் தேடச் செய்கின்றன.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தில் எல்லாம் கிடைக்கும்போது தொகுதியைப் புரட்டுவது ஏன் என்று கேட்கலாம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்ததை அறிந்த சமூகத்துக்கு அந்த முயற்சியின் அருமையை விளக்கத் தேவையில்லை. வீட்டிலிருந்தே ‘மல்லிகை’யை வாசிக்க முடிவது பெரும் பேறு. எனினும் அங்கே பலரும் செய்வது தலைப்புத் தேடல். சீதனம் பற்றிய ஒரு வாசகர் கடிதம் ‘கடிதங்கள்’ என்ற பொதுத் தலைப்பின் கீழே ஒளிந்திருந்தால் தேடுபவருக்கு அது அகப்படாது. திரையிலும் இதழை முதல் அட்டையிலிருந்து பின்னட்டை வரை வாசிக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆய்வேட்டுக்கான காலம் போதாது என்ற மறுப்பு நியாயமானதே. அதற்கு வழி ஆய்வின் எல்லையைச் சுருக்குவது: முப்பது ஆண்டுகளிலிருந்து பொறுக்கிய பத்துக் கட்டுரைகளைவிட, இரண்டு ஆண்டு இதழ்களை முழுதாக வாசித்த ஆய்வு நம்பத்தக்கது. அந்த ஆய்வேட்டின் முகப்பில், பார்த்த இதழ்களின் எண்களோடு, தேடியும் கிடைக்காத இதழ்களின் எண்களையும் குறிக்கும்படி தமிழ்த்துறைகள் கேட்க வேண்டும்.