டூப் போடும் நிரல்

நாயகன் மாடியிலிருந்து குதிக்கும் காட்சியில் உண்மையில் குதிப்பவர் டூப். நிரலைச் சோதிக்கும்போதும் உண்மையான பகுதிகளுக்குப் பதிலாக நிற்கும் டூப்கள் உண்டு. ஜெரார்ட் மெசரோஸ் 2007-இல் வந்த தன் நூலில் இவற்றை ‘டெஸ்ட் டபுள்’ என்று அழைத்ததே அந்தச் சண்டைக்காட்சி டூப்பை நினைத்துத்தான்.

இணையக் கடைக்கு நிரல் எழுதுகிறோம் என்று வையுங்கள். பணம் வந்தால் ஆர்டர் உறுதி. வங்கி மறுத்தால் இல்லை. ஒவ்வொரு சோதனைக்கும் வங்கி சர்வரைத் தட்டி எழுப்ப முடியுமா? நாம் கேட்கும் நேரத்தில் அது மறுத்துக் காட்டுமா? ஜாவாக்காரர்கள் இங்கே டூப்களை உருவாக்கித் தரும் மாக்கிட்டோ என்ற கருவியைக் கூப்பிடுவார்கள். (மொஹிட்டோ என்ற பானத்தை வைத்துச் செய்த சொல்விளையாட்டு அந்தப் பெயர்.) ‘வென்’னில் தொடங்கி ‘தென்ரிட்டர்ன்’னில் முடியும் ஒரே வரி: பணம் கேட்டால் மறுத்துவிடு. பொய் வங்கி சொன்னபடி மறுக்கும், கண் இமைப்பதற்குள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது மாக்கிட்டோவின் ‘வெரிஃபை’. மறுப்புக்குப் பிறகு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் ஒரே ஒரு முறைதான் போனதா, பொருள் அனுப்பும் பகுதியை யாரும் தொடவில்லையா என்று விசாரித்துச் சொல்லும். நடக்காத ஒன்றுக்குச் சாட்சி சொல்ல வேறு யார் வருவார்கள்!

ஆனால் டூப்பைப் பழக்குவது நாம்தானே. ஒருமுறை எங்கள் சோதனைகள் எல்லாம் பச்சை. உண்மையான சேவையோ தொகையைப் பைசாவில் எதிர்பார்த்தது; நாங்கள் ரூபாயில் அனுப்பிக்கொண்டிருந்தோம். எங்கள் பொய் வங்கி மட்டும் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு தலையாட்டியது.