மாங்குயில் படத்தில் மரம் எங்கே?

நான் எடுத்த பறவைப் படங்களில் அதிகம் பேர் பாராட்டியது ஒரு கருந்தலை மாங்குயிலின் படத்தைத்தான். காய்ந்த கிளையின் நுனியில் அது உட்கார்ந்திருக்கிறது. உடல் முன்னால் சாய்ந்திருக்கிறது, தொண்டை லேசாகப் புடைத்திருக்கிறது, சிவந்த கண் நேராக லென்ஸைப் பார்க்கிறது. பின்னணி முழுக்க ஒரே சீரான பச்சை. ‘ஸ்டுடியோல எடுத்த மாதிரியே இருக்கு’ என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அன்றைக்கு அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். ஐந்து வருஷம் கழித்துப் பார்க்கும்போது, அந்தப் படத்துக்கு வந்த ஒரே சரியான விமர்சனம் அதுதான் என்று தோன்றுகிறது.

பறவைப் படத்தை யாரும் விமர்சிப்பதில்லை. சினிமாவை விமர்சிக்கிறோம், கவிதையை விமர்சிக்கிறோம். பறவைப் படம் என்றால் ஒரு இதயக்குறியோடு முடித்துக்கொள்கிறோம். பறவை அழகாக இருக்கிறது, அதனால் படமும் அழகு, அவ்வளவுதான் என்ற எண்ணம். ஆனால் இந்தப் படங்களுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. கண் கூர்மையாக விழ வேண்டும், அதில் ஒரு ஒளிப்புள்ளி இருக்க வேண்டும். கேமரா பறவையின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். கிளை ஒன்றே ஒன்று. குறுக்கே இலை வரக்கூடாது. பின்னணி கரைந்து ‘க்ளீனாக’ இருக்க வேண்டும். இதிலிருந்து விலகிய படத்துக்கு எங்கள் வட்டாரத்தில் ‘ரெக்கார்டு ஷாட்’ என்று பெயர். பார்த்ததற்குச் சாட்சி, அதற்கு மேல் மதிப்பில்லை என்று அர்த்தம்.

இந்த இலக்கணம் மீன்கொத்திக்கு ஓரளவு பொருந்தும். அது நீர்க்கரையில் தனிக் கம்பில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும். மாங்குயில் அப்படி இல்லை. அது உச்சாணிக் கிளைகளின் பறவை, தரைக்கு வருவது அபூர்வம். ஒரு மரத்தின் இலைக்கூட்டத்திலிருந்து இன்னொரு மரத்தின் இலைக்கூட்டத்துக்கு அலைபோல ஏறி இறங்கிப் பறந்து உள்ளே போய்விடும். புல்லாங்குழலில் இரண்டு மூன்று சுரம் ஊதியதுபோல ஒரு குரல் முதலில் கேட்கும். பத்து நிமிஷம் அண்ணாந்து தேடினால் ஒரு மஞ்சள் கீற்று தெரியும். அவ்வளவு பளிச்சென்ற பறவை எப்படி ஒளிகிறது என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. வெயில் படும் இலையும் நிழலில் இருக்கும் இலையும் மாறி மாறி வரும் இடத்தில் மஞ்சளும் கறுப்பும்தான் நல்ல மறைவு. புத்தகத்தில் கண்ணைப் பறிக்கும் நிறம் மரத்தில் கரைந்துவிடுகிறது.

பெயரையே பாருங்கள். ஆங்கிலத்தில் ஓரியோல். ‘பொன்னிறமானது’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதில் இருப்பது நிறம் மட்டும். மாங்குயில் என்பதைப் பிரித்தால் மரம் வருகிறது, குயில் வருகிறது. குயில் இனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, ஆனாலும் பாடும் பறவையின் பெயரைத் தூக்கி இதற்கு வைத்திருக்கிறோம். மாம்பழக்குருவி என்ற இன்னொரு பெயரில் நிறம் எட்டிப் பார்க்கிறது. அங்கேயும் ஒரு பழத்தின் வழியாகத்தான். நம் பெயர்களில் மரம், பழம், குரல் என்று பறவையைச் சுற்றி ஓர் உலகமே இருக்கிறது. என் படத்தில் அதெல்லாம் எங்கே? மரத்தை எஃப் 5.6 கரைத்துவிட்டது. குரல் படத்தில் வராது. மிஞ்சியது மஞ்சள்.

சரி, அந்த மஞ்சளையாவது படம் ஒழுங்காகச் சொல்கிறதா? நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், இந்த இடத்தில் கொஞ்சம் தொழில்புத்தி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கேமரா சென்சார்களில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. மஞ்சளுக்கென்று ஒரு புள்ளிகூடக் கிடையாது. சிவப்பையும் பச்சையையும் கூட்டிக் கேமரா ஊகிக்கிறது. காலை வெயிலில் சிவப்பு வாய்க்கால் முதலில் நிரம்பி வழிந்துவிடும். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம் எல்லாம் சரி என்றே சொல்லும், வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால் மார்பில் இறகே இருக்காது, மஞ்சள் பெயின்ட் அடித்ததுபோல இருக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் மாங்குயிலுக்கு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து வைக்கிறார்கள்.

பறவைக்கும் அந்த மஞ்சள் சொந்தமில்லை. கரோட்டினாய்டு நிறமிகளைப் பறவைகளால் உடலில் உருவாக்க முடியாது. சாப்பிடும் பழத்திலிருந்தும் புழுவிலிருந்தும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் புழு தின்றது இலையை. ஆக, நாம் பின்னணியில் கரைத்துத் தள்ளிய மரம்தான் இறகில் நிறமாக உட்கார்ந்திருக்கிறது. இதுவும் போதாதென்று, பறவைகளுக்குப் புற ஊதா வரை பார்க்கக்கூடிய நான்காவது நிற உணர்வு வேறு உண்டு. நாம் மெச்சும் மஞ்சளை இன்னொரு மாங்குயில் நம்மைப் போலப் பார்ப்பதில்லை.

இனி அந்தப் படம் எடுத்த கதை. கோவையிலிருந்து ஆனைக்கட்டி போகும் வழியில், ஏப்ரல் மாதம். இரண்டு நாளாகக் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, பறவை வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் போனில் பதிவு செய்துவைத்திருந்த மாங்குயில் குரலை ஒலிக்கவிட்டேன். ப்ளேபேக். எல்லாரும் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இருபது விநாடிகூட ஆகியிருக்காது, பறவை வந்துவிட்டது. தலைக்கு மேல் ஒரு சுற்று சுற்றி, காய்ந்த கிளையில் வந்து உட்கார்ந்தது. படம் எடுத்தேன். போய்விட்டது. மறுபடி ஒலிக்கவிட்டேன், மறுபடி வந்தது. நாலு தடவை.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏந்தம்பி, போன்ல இருக்கறது இதே குருவியோட சத்தமுங்களா?”

“ஆமாங்க ஐயா. பாட்டு கேட்டுட்டு வருது.”

“பாட்டுக்கு எங்கீங்க வருது? வூட்டுக்குள்ள ஆளு பூந்துட்டான்னு தேடிட்டு அலையுது பாருங்க.”

அவர் திட்டவில்லை. சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார். நான் இன்னும் ரெண்டு படம் எடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். இதை எழுதும்போது அதுதான் உறுத்துகிறது.

என் தொழிலில் இதற்கு ஸ்பூஃபிங் என்று பெயர். வேறொருவர் அனுப்பியது போலப் பொய்யாக ஒரு தகவலை அனுப்பிப் பதில் வாங்குவது. இன்னொரு ஆண் தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நம்பி அது வந்தது. இரை தேடவோ கூட்டைக் காக்கவோ செலவாக வேண்டிய நேரம், இல்லாத எதிரியைத் தேடுவதில் போனது. அமெரிக்கன் பேர்டிங் அசோசியேஷனின் நெறிமுறை இந்த ஒலிப்பதிவுகளை மட்டுப்படுத்தச் சொல்கிறது. அது எனக்குத் தெரிந்திருந்ததா என்றால், தெரிந்திருந்தது.

இது வெறும் ஒழுக்கப் பிரச்சினை என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு முடித்துக்கொள்ளலாம். எனக்கு இது ரசனையின் பிரச்சினையாகவும் படுகிறது. அந்தப் படத்தில் எல்லாரும் ‘கம்பீரமான போஸ்’ என்று சொன்னது எதை? முன்னால் சாய்ந்த உடலை, புடைத்த தொண்டையை. அது கம்பீரமில்லை, பதற்றம். படம் அதைச் சொல்லாது. மரத்தை அழித்ததுபோலவே போனையும் பெரியவரையும் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டது. ஒரு பாத்திரத்தை அதன் ஊரிலிருந்தும் வீட்டிலிருந்தும் பிடுங்கி வெள்ளைத் தாளில் நிறுத்தும் கதையை நாம் நல்ல கதை என்போமா?

இந்த இடத்தில் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்கிறேன். 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கானுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தவர். இருந்ததை இணைத்துத் தானே ஒட்டுப்போட்டு உருவாக்கிய கேமரா அவருடையது. நிறம் இல்லாதபோது ஒரு படத்தில் என்ன மிஞ்சும்? உடலின் நிலை, ஒளி, அந்த உயிர் நிற்கும் இடம். நிறம் போய்விட்டால் என் மாங்குயில் படத்தில் ஒன்றுமே தேறாது, செய்து பார்த்துவிட்டேன். அவருடைய தமிழ்க் கட்டுரைத் தொகுப்பின் பெயர் ‘மழைக்காலமும் குயிலோசையும்’. ஒரு பருவமும் ஓர் ஓசையும். பார்த்த உருவம் தலைப்பில்கூட இல்லை.

துல்லியமான படமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. குளிர்காலத்தில் நம் பக்கம் வரும் பொன்னிற மாங்குயிலை ஐரோப்பிய மாங்குயிலின் உட்பிரிவாகவே வெகுகாலம் கருதினார்கள். இப்போது தனி இனம். ஆண் பறவையில் கண்ணைத் தாண்டிப் பின்னாலும் நீளும் கறுப்புக் கோடு அதன் அடையாளங்களில் ஒன்று. கண் தெளிவாக விழுந்த படம் அதற்கு உதவும். ஆனால் அறிவியல் கேட்பது சாட்சியை. இலை மறைத்தாலும் அதற்குப் பரவாயில்லை. அந்த வேலைக்கு, நாம் கேலி செய்யும் ரெக்கார்டு ஷாட்டே போதும்.

அழகு என்ற பெயரில் இன்னொன்றையும் விட்டுவிட்டேன். ஹார்டு டிஸ்க்கில் பொன்னிற மாங்குயிலின் பெண் பறவையைத் தேடினேன். பச்சை கலந்த மங்கல் மஞ்சள், வயிற்றில் கோடுகள், இலையோடு இலையாக இருக்கும். ரெண்டே படம். ரெண்டும் ஆண் என்று நினைத்து எடுத்தவை.

போன ஜனவரியில் அதே சாலைக்குப் போனேன். போனை பைக்குள்ளேயே வைத்திருந்தேன். ஒரு பெரிய மரத்தில் மாங்குயில் பழம் தின்றுகொண்டிருந்தது. சின்ன லென்ஸை மாட்டி மரம் முழுக்க வரும்படி ஒரு படம் எடுத்தேன். அடிமரம், தொங்கும் காய்கள், ஓரத்தில் ஒரு கரிச்சான், நடுவில் எங்கோ நகத்தளவு மஞ்சள். இலை குறுக்கே விழுந்து தலை தெரியவில்லை. அதை அப்படியே வெளியிட்டேன்.

வழக்கமாகப் பாராட்டுபவர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒருத்தர் மட்டும் ‘இது என்ன மரம்?’ என்று கேட்டிருந்தார்.

அத்தி என்று பதில் போட்டேன்.