தனி வரைகலை அட்டை: அன்றாடப் பயன்பாட்டில் நன்மையும் மிகைக் கூற்றும்

கணினித் திரையில் தோன்றும் படத்தை உருவாக்கும் சில்லு வரைகலைச் செயலி எனப்படும். அது மையச் செயலிக்குள்ளேயே அமையலாம். தனக்கென நினைவகம் கொண்ட தனி அட்டையாகவும் வரலாம். தனி அட்டையைத்தான் கடைகளில் கிராபிக்ஸ் கார்டு என்கிறார்கள். அதைப் பொருத்தினால் கணினி முழுவதும் வேகமாகும் என்பது பரவலான நம்பிக்கை. சென்னை முகப்பேரிலிருந்து ரிச்சி தெருவுக்குப் பழைய கணினியை மேம்படுத்தப் புறப்படும் மாணவர், பணம் கொடுக்கும் முன் இந்தக் கூற்றை உரசிப் பார்ப்பது நல்லது.

கூற்றின் வேர்

இந்த நம்பிக்கை ஒரு காலத்தில் பெரிதும் உண்மையாக இருந்தது. என்விடியா 1999-இல் ஜீஃபோர்ஸ் 256-ஐ வெளியிட்டபோதும், அதன்பின் பல ஆண்டுகளும், தாய்ப்பலகையோடு வந்த வரைகலை மிக எளியது. 2011-இல் இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் செயலிகள் வரைகலையையும் காணொளிக்கான தனிச் சுற்றுகளையும் ஒரே சில்லில் சேர்த்தன. அதன்பின் இணைய உலாவல், ஆவணத் தட்டச்சு, இணையவழி வகுப்பு, திரைப்படம் ஆகியவற்றுக்கு உள்ளமை வரைகலையே போதுமானதாகிவிட்டது. இன்று வீட்டுக் கணினி தாமதிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் பழைய வன்தட்டும் போதாத நினைவகமும்தான்.

மலிவு அட்டையின் பொறி

குறைந்த விலை அட்டை சில சமயம் நிலைமையை மோசமாக்கும். யூடியூப் பெருமளவு பயன்படுத்தும் விபி9 காணொளி வடிவத்தை இன்டெல்லின் ஏழாம் தலைமுறைச் செயலிகளின் உள்ளமை வரைகலை வன்பொருளிலேயே விரிக்கும். ஜிடி 710 அட்டைக்கு அந்தத் திறன் இல்லை. பல தாய்ப்பலகைகளில் தனி அட்டையைச் செருகியதும் உள்ளமை வரைகலை தானாக அணைந்துவிடும். அப்போது அந்தச் சுமை மையச் செயலியின் தலையில் விழும். பணம் கொடுத்து வாங்கியது இருந்த வசதியையும் கெடுத்ததாக முடியும்.

பெயரை மட்டும் நம்புவதும் தவறு. ஜிடி 1030 இரு வகையாக வந்தது. ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டது நொடிக்கு 48 ஜிகாபைட் தரவைக் கடத்தும். டிடிஆர்4 கொண்டது சுமார் 17 ஜிகாபைட் மட்டுமே. ஆனால், டிடிஆர்4-3200 நினைவகத்தை இரண்டு பட்டைகளாகப் பொருத்திய கணினியில் செயலிக்கே 51 ஜிகாபைட் வரை கிடைக்கும்.

உண்மையான நன்மைகள்

இவற்றால் தனி அட்டையே வீண் என்றாகாது. இன்டெல்லின் ஐ5-12400எஃப், ஏஎம்டியின் ரைசன் 5 5600 போன்ற செயலிகளில் உள்ளமை வரைகலை இல்லை. அட்டையின்றித் திரையில் எதுவும் தெரியாது. முகப்பேரை ஒட்டிய அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் முப்பரிமாண எந்திர வரைபடம் தயாரிப்போருக்கும், காணொளித் தொகுப்பு, அசைவூட்டம், பெரிய விளையாட்டுகள் ஆகியவற்றில் ஈடுபடுவோருக்கும் அது நேரத்தை மிச்சப்படுத்தும். தனி நினைவகம் இருப்பதால் கணினியின் பொது நினைவகமும் பங்கு போகாது.

மறைந்த செலவு

விலையோடு செலவு நிற்பதில்லை. தாய்ப்பலகைச் செருகி அதிகபட்சம் 75 வாட் மட்டுமே தரும். அதைவிடக் கூடுதலாகக் கேட்கும் அட்டைக்குத் தனி மின்னிணைப்பும் தக்க எஸ்எம்பிஎஸ்ஸும் வேண்டும். அட்டை கூடுதலாக 100 வாட் இழுத்தால், நாளுக்கு 5 மணி நேரம் என்ற கணக்கில் இரு மாத மின்கட்டணத்தில் 30 யூனிட் ஏறும். சென்னைக் கோடையில் அறையின் வெப்பமும் கூடும்.

முடிவு

வாங்குவதற்கு முன் எளிய சோதனை ஒன்று உண்டு. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து, கணினி திணறும் வேலையைச் செய்துபார்க்க வேண்டும். வட்டோ நினைவகமோ நிரம்பி, வரைகலைச் செயலி சும்மா இருந்தால் எஸ்எஸ்டியும் கூடுதல் ரேமும்தான் மருந்து. வரைகலைச் செயலியே 100 விழுக்காட்டைத் தொட்டு நின்றால், தனி அட்டைக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.