சுழி பார்த்து வாங்குதல்

சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் கொம்பில் பூசிய வர்ணத்தைப் பார்த்து மயங்குவதில்லை. பல்லைப் பிடித்து வயசு பார்த்து, சுழி பார்த்து, நாலடி நடக்க விட்டுக் குளம்பு விழுகிற விதத்தையும் கவனித்த பிறகே துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுவார். அதே மனுஷர் மலைச் சைக்கிள் வாங்கப் புறப்பட்டாரானால், கடை வாசலில் சிவப்பும் கறுப்புமாக மின்னும் ஒரு வண்டியின் முன் மெய்மறந்து நின்று, "எத்தனை கியர்?" என்ற ஒற்றைக் கேள்வியோடு பரீக்ஷையை முடித்துக்கொள்கிறார்.

எனக்கும் இந்த ஞானம் இலவசமாக வந்ததல்ல. சில வருஷங்களுக்கு முன், முன்னால் ஒரு ஸ்பிரிங்கும் பின்னால் ஒரு ஸ்பிரிங்குமாகப் போர்க்குதிரை போல் நின்ற ஒரு மலிவு வண்டியின் கம்பீரத்தில் சொக்கி அதை வாங்கிவந்து, முதல் மேட்டிலேயே, நான் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்குகள் விழுங்கிவிட, வண்டி முன்னேறாமல் தொட்டில் போல ஆடக் கண்டேன். ஆகவே, கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டமொன்றில் உத்தியோகம் கிடைத்த என் மருமான், "மாமா, கையில் 25,000 ரூபாய்தான் இருக்கிறது; அதற்குள் நல்ல வண்டியாகப் பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்டபோது, தொகை சிறியது என்ற விசாரம் எனக்கு உண்டாகவில்லை.

ஏனென்றால் சிக்கனம் இந்த வண்டிக்குப் பிறவிக் குணம். கலிபோர்னியாவில் டமால்பைஸ் மலையைச் சுற்றியுள்ள மண் பாதைகளில், 1970-களில் சில வாலிபர்கள், 1930-களிலும் 1940-களிலும் ஷ்வின் கம்பெனி செய்து, பிறகு பழைய சாமான்களோடு ஒதுக்கப்பட்டுக் கிடந்த தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மட்கார்டு முதலிய உபரிகளையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டுச் சரிவுகளில் இறங்கி விளையாடினார்கள். 1976-இல் ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊரருகே அவர்கள் ஆரம்பித்த பந்தயத்தில், சுமார் 2 மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறங்க வேண்டியிருந்தபடியால், பெடலைப் பின்னுக்கு மிதித்துப் பிடிக்கிற அந்தக் காலத்துப் பிரேக் கொதித்து, ஹப்பிலிருந்த கிரீஸ் புகையாய்ப் போய்விட, மறுபடியும் புதுக் கிரீஸ் அடைக்க நேரும். அந்த 'மறு அடைப்பு' என்ற பொருளிலேயே பந்தயத்துக்கு 'ரீபேக்' என்ற பெயரும் நிலைத்தது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977-இல் குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த எஃகுக் குழாய்களால் மலைக்கென்றே ஒரு பிரேமைக் கட்டியபோதும், அதில் ஸ்பிரிங் என்ற பேச்சே இல்லை.

ஸ்பிரிங்கை நான் நிந்திக்கவில்லை. உள்ளே எண்ணெயும் வால்வும் வைத்து, அமுங்கியது நிதானமாக எழும்படி செய்த முன்கவை ஓர் அற்புதமான கருவிதான்; ஆனால் அப்படிப்பட்ட ஒன்றுக்கே மருமானுடைய தொகை முழுவதும் போய்விடும். மலிவு வண்டியில் இருப்பதோ, அமுங்கியதும் அதே வேகத்தில் துள்ளி எழுந்து, கையைக் காக்கவேண்டியது போய்க் கையை உதறுகிற வெறும் சுருள் கம்பி. அதன் கனம் சுமார் இரண்டரைக் கிலோ. அவ்வளவையும் ஒவ்வொரு மேட்டிலும் நாம் சுமந்துகொண்டு ஏறவேண்டும். அதைவிட, 2 அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள டயரில் காற்றை அளவாக அடித்து, ஸ்பிரிங் இல்லாத முன்கவையோடு ஓட்டுகிறவன் பாக்கியசாலி. டயரைவிட லேசான ஸ்பிரிங்கும், விலை குறைந்த ஸ்பிரிங்கும் உலகத்தில் கிடையா.

வர்ணத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் தப்பிவந்த கண், அதன் பிறகு போய் நிற்கவேண்டிய இடம் பின் சக்கரத்து அச்சு. அங்கேதான் இந்த வண்டியின் சுழி இருக்கிறது. பழைய முறையில் ஃப்ரீவீலைத் தனியாகச் செய்து ஹப்பின் மேல் மரை போட்டு முடுக்குவார்கள். அதனால் வலது பக்கத்துப் பால்ரஸ் வரிசை உள்ளே தள்ளிப்போய், பற்சக்கர அடுக்கின் அகலம் முழுவதும் அச்சு தாங்கலின்றி அந்தரத்தில் நிற்கும். சமதரையில் இது குற்றமல்ல. நம் அப்பா காலத்து வண்டிகளில் ஒற்றைப் பற்சக்கரமாகையால் அந்தரமும் சொற்பமே. ஏழு பற்சக்கரங்களை அடுக்கி, ஓர் ஆளையும் ஏற்றிக் கல்லின் மேல் குதித்தால் அச்சு வளையாமல் என்ன செய்யும்? ஷிமானோ கம்பெனி 1978-இல் கொண்டுவந்த முறையில், ஃப்ரீவீலின் யந்திரம் ஹப்போடு ஒன்றாகி, பால்ரஸ் பிரேமுக்குப் பக்கமாக நகர்ந்துவிட, அச்சுக்கு ஆதாரம் கிடைத்தது. இரண்டையும் வேறுபடுத்த ஸ்பானர்கூட வேண்டாம். பற்சக்கர அடுக்கைப் பின்னுக்குச் சுழற்றிவிட்டு, நடுவில் கருவி மாட்டுகிற பல்வெட்டு வளையத்தைப் பாருங்கள்: அடுக்கோடு அதுவும் சுழன்றால் உத்தமம், அடுக்கு மட்டும் சுழல அது அசையாமல் நின்றால் பழைய ஜாதி.

கியர் எண்ணிக்கை பெரும்பாலும் கணக்குப் பிள்ளையின் ஜாலம். மூன்றை ஏழால் பெருக்கி 21 என்பார்கள், அவற்றில் பல ஒன்றுக்கொன்று பிரதிகள். பிரேக் டிஸ்க்காக இருந்தால், மழையில் ரிம் சேறாகும் ஊருக்கு நல்லது. பாருக்குக் குறுக்கே காலிரண்டையும் போட்டுத் தரையில் நின்றால் 2 அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும்; மேற்கொண்டு இங்கே விவரிக்காமலே அதன் அவசியம் விளங்கும்.

கோயம்புத்தூரில் நாங்கள் போன கடையில் முன் வரிசை வண்டிகள் ஒவ்வொன்றாகச் சுழிப் பரீக்ஷையில் தோற்க, உள்மூலையில் தூசி படிந்து நின்ற சாம்பல் நிற வண்டியொன்றில் மட்டும் அந்த வளையம் அடுக்கோடு சேர்ந்து சுழன்றது. "அதை யாரும் கேக்கறதில்லீங்க. ஷாக் இல்லாத வண்டிங்க" என்றார் கடைக்காரர், தாமே அதற்காக மன்னிப்புக் கேட்பவர் போல. "ஸ்டாண்டுகூட இல்லையே, மாமா" என்றான் மருமான். விலை போக மீந்த பணத்தில் ஸ்டாண்டும், கோட்டம் எடுக்கும் கூலியும், ஒரு பம்பும் அடங்கின. கடைக்காரர் உற்சாகமாகி டயரைக் கல்லாக்குகிற வேகத்தில் காற்றடிக்கத் தொடங்க, நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, வால்வை அழுத்தினேன். டயர் கட்டைவிரலுக்குச் சற்றே இணங்குகிற வரையில் அது உஸ்ஸென்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது.